ஒன்பது பொய்க்காப்பு

பக்கிரிசாமி பந்து விளையாடிய பதினெட்டு வருடத்தில் ஆறு பேருடைய காலை உடைத்திருக்கிறான். ஏழாவதாகச் செந்தூலில் ஒருவன் விழுந்தான். அவன் தானாக விழுந்தான் என்று பக்கிரிசாமி கடைசிவரை சாதித்ததால் அதை விட்டுவிடலாம்.

வித்தை சுலபமானதுதான். எல்லோரும் வெறுங்காலோடு ஆடும் ஆட்டம். கணுக்காலில் கிழிந்த வேட்டியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், அவ்வளவே. எதிராளி பந்தை உதைக்க ஒரு காலை வீசும்போது, அவனுடைய நிற்கிற காலைப் பார்க்க வேண்டும். முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே குதிகாலைத் திருப்பி வைத்து உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கிவிட வேண்டும். விசில் ஊதுகிற ரெப்ரிக்கு இரண்டு பேரும் பந்துக்குப் போன மாதிரிதான் தெரியும். சத்தம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அதையும் கூட்டத்தின் கூச்சல் மூடிவிடும்.

சென்டர் பார்வர்டாக அவன் கோலும் அடித்தான். ஆனால் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டவர்கள் கோலுக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் பந்து ஆடுகிறவனுக்கு வேலை தானாக வரும். முதலில் பூச்சோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினான். அங்கிருந்து செந்தூல் பட்டறைக்காரர்கள் கூப்பிட்டார்கள். பிறகு ரோட்டு வேலை, பிறகு குப்பை வண்டி, பிறகு பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் அணியில் இரண்டு வருடம் பாயின்ட்ஸ்மேனாக இருந்தான். கைகாட்டியை இழுத்த நாளை விரல் விட்டு எண்ணலாம். கடைசியில் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தான். எங்கேயும் மூன்று வருடத்துக்கு மேல் நிலைத்ததில்லை. எந்த ஊர்த் திடலுக்குப் போனாலும் அவனைக் கட்டியணைக்க இரண்டு பேரும் குத்த நாலு பேரும் இருந்தார்கள்.

முப்பத்தெட்டு வயதில் முட்டி இரண்டும் போய்விட்டன. துறைமுகத்து அணிக்கு அவனையே மானேஜராகப் போட்டார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, பழக்குவது, யாரை எப்போது எங்கே மிதிப்பது என்று சொல்லித் தருவது எல்லாம் அவன் பொறுப்பு. மூன்று வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஈயமும் விழுந்தது. துறைமுகத்தில் கப்பல் குறைந்தது. வேலையில்லாத தமிழர்களைச் சர்க்கார் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பத் தொடங்கியது.

1931-ஆம் வருடம் பொங்கலுக்கு முந்தின வாரம், துறைமுகத்தில் துரையிடம் கணக்கெழுதும் ராதாகிருஷ்ணன் கிராணி அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"உக்கார வேணாம், அப்படியே நில்லு. துரை லிஸ்ட் கேட்டிருக்காரு. நாப்பது பேரு."

"என் பேரு இருக்கா கிராணி?"

"மொதப் பேரே உன்னோடதுதான். நாப்பத்தொரு வயசு. மூட்டை தூக்க மாட்ட. பந்து மானேஜர்னு ஒரு வேலை துரையோட புஸ்தகத்துல கிடையாது லா."

"கோப்பை வந்தா?"

கிராணி பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "கோப்பை வந்தா துரை அதை மேசை மேல வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாரு. அந்த நேரம் பாத்து நான் உன் பேரை அடிச்சுருவேன். பிரிக்பீல்ட்ஸ்காரன்கிட்ட தோத்துட்டு வந்தீன்னா, கப்பல்தான்."

"கப்பல்ல போயி நான் எங்க எறங்குறது? நாலு வயசுல வந்தவன். அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

"எல்லாரும் எறங்குற எடத்துல எறங்கு. நாகப்பட்டினம் என்ன சின்ன ஊரா?"

பக்கிரிசாமி வெளியே வந்து துறைமுகத்துச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றான். அப்பா பெயரைக் கேட்டால் சொல்வான். அப்பா பிறந்த ஊரின் பெயரைக் கேட்டால், இரண்டு பெயர் வரும். எது சரி என்று தெரியாது.

கோப்பை ஆட்டத்துக்குப் போவதற்கு முன்னால் அரை இறுதி ஒன்று இருந்தது. அதில்தான் விவகாரம் தொடங்கியது.

கிள்ளான் அணியின் சென்டர் பார்வர்ட் கார்த்திகேசு. இருபத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கோபம். ஒரு முறை கங்காணி கெட்ட வார்த்தை சொன்னதற்காக அவரைத் தூக்கிக் கடலில் போட்டவன். அந்தக் கோபத்தைப் பார்த்துத்தான் பக்கிரிசாமி அவனை அணியில் சேர்த்தான். அவனுக்கும் அவன் மனைவி சீதாலெட்சுமிக்கும் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரு மாதம் தாண்டவில்லை. மூன்றாவது, பெண் பிள்ளை, மூன்று மாதம் தாண்டிவிட்டது. தைப்பூசத்தில் பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மார்கழியிலேயே வலது மணிக்கட்டில் காப்புக் கட்டிக்கொண்டான். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்து, பூசாரி கையால் கட்டிய காப்பு.

"பூசம் வரைக்கும் யார் மேலயும் கை ஓங்க மாட்டேண்ணே. கால் ஓங்க மாட்டேன். திட்டக்கூட மாட்டேன்" என்றான்.

"அப்புறம் உன்னை எதுக்குடா டீம்ல வச்சுருக்கேன்? பூப்பறிக்கவா?"

"பந்து ஆடுறேன்ணே. ஆளை ஆட மாட்டேன்."

பக்கிரிசாமி தலையிலடித்துக்கொண்டான். ஆனால் அரை இறுதியில் நடந்தது வேறு. எதிரணி ஒரு தோட்டத்து அணி. பின்வரிசையில் நின்ற இரண்டு பேரும் காட்டெருமை மாதிரி இருந்தார்கள். கார்த்திகேசு பந்தோடு வந்ததும் ஒருவன் காலைத் தூக்கினான். அவன் கண் கார்த்திகேசுவின் மணிக்கட்டுக் காப்பில் பட்டது. தூக்கிய காலை அந்தரத்தில் அப்படியே நிறுத்தினான். கார்த்திகேசு அவனைச் சுற்றிப் போய்க் கோல் போட்டான். இரண்டாவது முறை தோள் லேசாக இடித்ததற்கே அந்த ஆள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மன்னிக்கணும் சாமி" என்றான். காப்புக் கட்டியவன் மேல் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அங்கே பந்து ஆடுகிறவனுக்கும் தெரியும், கல் உடைக்கிறவனுக்கும் தெரியும். மூன்று கோல். கார்த்திகேசுவின் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

பதினெட்டு வருடம் கால்களை மட்டுமே பார்த்துப் பழகிய பக்கிரிசாமி, அன்று முதல் முறையாக ஒரு கையைப் பார்த்தான்.

ஜனவரி 17, சனிக்கிழமை, கோப்பை ஆட்டத்துக்காகக் கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் அவன் மடியிலிருந்து நூல்கண்டை எடுத்தான். முந்தின நாள் தானே அம்மியில் மஞ்சள் அரைத்து நனைத்துக் காயவைத்த நூல். அவனுடைய உள்ளங்கை இரண்டும் மஞ்சளாக இருந்தன.

"கையை நீட்டுங்கடா, ஒவ்வொருத்தனா."

ஹாப்-பேக் பாலன் சிரித்தான். "அண்ணே, நான் நேத்துதான் பன்னிக்கறி சாப்ட்டேன்."

"பன்னி வந்து சொல்லப் போவுதா? நீட்டுடா."

கோல்கீப்பர் யூனுஸ் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தான். அவன் அப்பா கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தார். "அண்ணே, என்னை விட்டுருங்க. நான் இதைக் கட்டினா அல்லாவுக்கும் குழப்பம், முருகனுக்கும் குழப்பம். எப்பவும் போல அவுங்க என்னைய ஒதைச்சுட்டுப் போகட்டும்."

ஒன்பது பேருக்குக் கட்டியாயிற்று. நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறும் பூசியாயிற்று. பெட்டியின் கோடியில் உட்கார்ந்திருந்த கார்த்திகேசு எழுந்து வந்தான்.

"இது வெளையாட்டு இல்லண்ணே."

"வெளையாட்டுன்னு யார் சொன்னா? பன்னெண்டு நாள்ல என்னைய கப்பல் ஏத்துறானுங்க."

"நான் எறங்கிடறேன். அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பிப் போயிடறேன்."

பக்கிரிசாமி குரலைத் தாழ்த்தினான். "எறங்கு. திங்கக்கெழமை உன் பேரையும் எழுதச் சொல்றேன். மூணு மாசக் கொழந்தைய வச்சுக்கிட்டு ஆறு நாள் கப்பல் டெக்குல படுத்துப் பாரு. மேல கூரை இருக்காது. போன தடவை போன கப்பல்ல எத்தனை கொழந்தைய கடல்ல போட்டாங்கன்னு கேட்டுப் பாரு."

கார்த்திகேசுவின் கை முஷ்டியாக மடங்கியது. மடங்கிய கையைப் பார்த்தான், மணிக்கட்டைப் பார்த்தான், விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான். திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

திடல் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஆற்றுப் பக்கம் இருந்தது. நாலு பக்கமும் ஜனம். கிள்ளான் ஆட்கள் வரிசையாக இறங்கியதும் கூட்டம் ஒரு கணம் அடங்கியது. பிறகு யாரோ கத்தினான்: "பந்தாட்டமா, பூச ஊர்வலமா டோய்?"

"பத்து சாமி வந்திருக்கு!"

"கோல்ல ஒரு பாய் நிக்கிறாரு, சாமிங்களுக்குக் காவலுக்கு!"

சிரித்தார்கள், ஆனாலும் முன்வரிசையில் நின்ற பெண்கள் சிலர் கைகூப்பினார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அணியின் பின்வரிசை முழுவதும் நாகையா ஒருவன்தான் என்று சொல்லலாம். பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன். தொடை இரண்டும் உரல் மாதிரி இருக்கும். பக்கிரிசாமி அங்கே ஆடிய இரண்டு வருடமும் இருவரும் ஒரே அணி. அந்தக் குதிகால் வித்தையைப் பக்கத்தில் நின்று பார்த்து எடுத்துக்கொண்டவன். ஆட்டம் தொடங்குமுன் நாகையா கோட்டுப் பக்கம் வந்தான்.

"என்ன பக்கிரி, எல்லாருமா காவடி?"

"எல்லாருந்தான். கஷ்ட காலம், ஆளுக்கு ஒரு வேண்டுதல்."

"நல்லது, நல்லது" என்றான் நாகையா. அவன் முகத்தில் சந்தேகம் இல்லை. தன் ஆட்களிடம் திரும்பிப் போய், "பாத்து ஆடுங்கடா, சாமிங்க மேல கால் படக்கூடாது" என்று சொன்னது பக்கிரிசாமியின் காதில் விழுந்தது.

முதல் பாதியில் கிள்ளான் ஆட்கள் தங்கள் விருப்பம்போல் ஆடினார்கள். பாலன் ஒருவனை விலாவில் முட்டினான். அடிபட்டவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போனான். இருபத்து மூன்றாவது நிமிடம் கார்த்திகேசு தனியாகப் பந்தைக் கொண்டுவந்தான். எதிரே நாகையா மட்டும். நாகையா காலைத் தூக்கினான், இழுத்துக்கொண்டான், இழுத்த வேகத்தில் தானே மல்லாந்து விழுந்தான். பந்து வலைக்குள் போயிற்று. எழுந்த நாகையாவின் மூஞ்சியில் அவனுடைய கேப்டன் எச்சில் துப்பாத குறையாகத் திட்டினான். நாகையா முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டான்.

ஆப் டைமில் ஒரு கோல் முன்னால்.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. பக்கிரிசாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆட்டமானாலும் ஆப் டைமில் சம்சுச் சாராயப் புட்டியைத் திறப்பான். சாராயத்தைக் கையில் ஊற்றி ஆட்களின் கெண்டைக்காலில் சூடு பறக்கத் தேய்ப்பான். தேய்த்து முடித்ததும் ஆளுக்கு ஒரு வாய். அன்றும் கை தானாகப் பைக்குள் போயிற்று. தேய்த்தான். பாலனிடம் நீட்டினான். பாலன் தலையைச் சாய்த்து, காப்புக் கட்டிய கையாலேயே புட்டியைப் பிடித்து, ஒரு வாய்க்கு இரண்டு வாயாகக் குடித்தான்.

கோட்டோரத்தில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த மாரியாயி கூடையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அடப்பாவிங்களா! காப்புக் கட்டுன கையில சாராயம் டோய்!"

பக்கிரிசாமி புட்டியைப் பறித்துப் புல்லில் எறிந்தான். தாமதமாகிவிட்டது. அந்தச் சொல் திடலைச் சுற்றிப் போனதை அவன் கண்ணால் பார்த்தான்; தலைகள் வரிசையாகத் திரும்பின. நாகையா நடந்து வந்தான். பாலனின் தாடையைப் பிடித்து வாயை மோந்து பார்த்தான். பக்கத்தில் நின்றவனின் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தான். அதற்குப் பக்கத்தில் நின்றவனுடையதையும். எல்லாம் ஒரே நூல், ஒரே முடிச்சு. திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டான்.

இரண்டாவது பாதியை ஆட்டம் என்று சொல்ல முடியாது. தொடங்கி இரண்டு நிமிடத்தில் பாலன் மூக்கு உடைந்து தரையில் கிடந்தான். இடது ஓரம் ஆடியவனை இரண்டு பேர் நடுவில் வைத்து நசுக்கினார்கள். விலா எலும்பு போயிற்று. ஒருவனுக்குப் பல், ஒருவனுக்குப் புருவம். ரெப்ரி பள்ளிக்கூட வாத்தியார், சிலோன்காரர். ஊதி ஊதிக் கன்னம் வீங்கியதுதான் மிச்சம். "என்ன செய்யிறியள்? மனுசரா நீங்கள்?" என்று கத்தினார். கூட்டத்திலிருந்து ஒரு கல் வந்து அவர் தோளில் விழுந்தது.

கிள்ளான் ஆட்கள் பயந்துவிட்டார்கள். முதலில் பாலன், மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக, பல்லால் நூலைக் கடித்து அறுத்து எறிந்தான். "இந்தா, அவுத்துட்டேன், வுடுங்கடா!" அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அடுத்தவன். சேற்றில் மஞ்சள் நூல்கள் கிடந்தன. அவிழ்த்தவனைப் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் ஒரு உதையோடு விட்டார்கள்.

கார்த்திகேசு அவிழ்க்கவில்லை.

பொய்யானவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு, காப்போடு நின்றவன் அவன் ஒருவன்தான். அதனால் பிரிக்பீல்ட்ஸ்காரர்களின் கண்ணுக்கு அவன்தான் எல்லாரையும் விடக் கொழுப்பெடுத்தவனாகத் தெரிந்தான்.

"இன்னும் சாமி வேஷமாடா?" என்றான் நாகையா.

"என்னோடது நெசம்ணே."

"ஆமா, எல்லாருதும் நெசந்தான். உன்னைய நம்பித்தானடா நான் மல்லாக்க விழுந்தேன்."

பந்து எங்கோ இருந்தது. நாகையா பந்தைப் பார்க்கக்கூட இல்லை. கார்த்திகேசுவின் நிற்கிற காலைப் பார்த்தான், முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே குதிகாலை வைத்தான், இறக்கினான். கோட்டோரத்தில் நின்ற பக்கிரிசாமிக்கு அந்தச் சத்தம் கேட்டது.

கார்த்திகேசு விழுந்தான். கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடியது.

இந்த இடத்தில் பக்கிரிசாமி ஒரு கணக்குப் போட்டான். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். கிள்ளான் ஒரு கோல் முன்னால். உள்ளூர்க் கூட்டம் உள்ளே புகுந்து வெளியூர் ஆட்டக்காரனை அடித்தால், ஆட்டத்தை நிறுத்திக் கோப்பையை வெளியூருக்குக் கொடுக்க வேண்டும், அது விதி. ரெப்ரி ஊதிக்கொண்டுதான் இருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கோப்பை துரையின் மேசைக்குப் போகும். கிராணி பெயரை அடித்துவிடுவார்.

இரண்டாவது உதை கார்த்திகேசுவின் முதுகில் விழுந்தது. பக்கிரிசாமி நின்றான்.

மூன்றாவது உதை முகத்தில். அதற்கும் நின்றான்.

கார்த்திகேசு ஒருவனைக்கூடத் திருப்பி அடிக்கவில்லை. கங்காணியைக் கடலில் போட்ட கைகள் இரண்டையும் வயிற்றுக்கடியில் மடக்கி, மணிக்கட்டின் மேல் குப்புறக் கிடந்தான். நூலை அறுக்கத்தான் அவர்கள் அவனைப் புரட்டப் பார்த்தார்கள். புரட்டினார்கள். ஒருவன் அவன் கையைப் பிடித்துத் தரையில் நீட்டினான். நாகையா அந்த மணிக்கட்டுக்கு மேலே குதிகாலைத் தூக்கினான்.

"டேய்! அது நெசம்டா!"

தன் குரல்தான் அது என்று தெரிவதற்குள் பக்கிரிசாமி ஓடிக்கொண்டிருந்தான். முட்டி இரண்டும் கழன்றுவிடும் போல் வலித்தன. எதிர்ப்பட்டவர்களைத் தள்ளிக்கொண்டு நடுவில் போய் விழுந்தான்.

"அவன் ஒருத்தனோடது நெசம்! பூசாரி கட்டுனது. மத்த ஒம்பதும் நான் கட்டுனது. ரயில்ல வச்சு நான் கட்டுனேன். இந்தா, கையப் பாரு!" மஞ்சள் ஏறிய உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினான். "கொழந்தைக்கு வேண்டிக்கிட்டவன்டா அவன். வரமாட்டேன்னான். கப்பல்ல ஏத்திருவேன்னு மெரட்டித்தான் கூட்டியாந்தேன்."

நாகையாவின் கால் மெதுவாகக் கீழே இறங்கியது. கார்த்திகேசுவின் கையைப் பிடித்திருந்தவன் நெருப்பைத் தொட்டவன்போல் விட்டான். நாகையா மண்டியிட்டு, அந்த மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தான். நூல் பழையது, நிறம் வெளுத்தது, முடிச்சும் வேறு. அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முருகா, முருகா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அந்த உரல் தொடைக்காரன் அழுததைப் பார்த்து மாரியாயியும் அழுதாள்.

அழுது முடித்து எழுந்ததும் பக்கிரிசாமியின் பக்கம் திரும்பினான்.

பக்கிரிசாமி கையைக் கட்டிக்கொண்டு அடியை வாங்கினான் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அது பொய். அவன் ஒருவனுடைய இரண்டு பல்லைக் கழற்றினான், இன்னொருவன் காதைக் கடித்தான். ஆனால் ஐம்பது பேர். கச்சான் கூடையால் அடித்தார்கள், கொடிக்கம்பால் அடித்தார்கள். அவன் எழுந்த ஒவ்வொரு தடவையும் நாகையா அவனை விழவைத்தான். கடைசியாக அவன் ஒரு காலில் ஊன்றி எழப் பார்த்தபோது, நாகையா அந்தக் காலைப் பார்த்தான்.

பொய்க்காப்பை அவனே ஒப்புக்கொண்டதால் கோப்பையைப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் வகுப்பு வார்டில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இரண்டு பேருக்கும் ஒரே எலும்பு, ஒரே இடம். பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டுப் போட்ட டிரெசர் பக்கிரிசாமியிடம், "வேணும்னா அந்தக் கோடிக் கட்டிலுக்கு மாத்தி விடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றான்.

கார்த்திகேசு பேசவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். சோறு கொண்டுவந்த சீதாலெட்சுமிதான், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, ஒரு தடவை சொன்னாள்: "அவர் பேச மாட்டாருண்ணே. இப்ப வாயைத் தொறந்தா திட்டுதான் வரும். பூசம் கழியட்டும்."

பக்கிரிசாமிக்குப் புரிந்தது. அதிலிருந்து அவனும் நாளை எண்ண ஆரம்பித்தான். அந்தக் காப்புக்குள் என்ன இருக்கிறது என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ரயிலில் மடங்கிய முஷ்டி இருந்தது. மூன்று உதை இருந்தது. அதில் இரண்டு, அவன் கோப்பைக் கணக்குப் போட்டுக்கொண்டு கோட்டோரத்தில் நின்று பார்த்த உதை. நடுவில் ராதாகிருஷ்ணன் கிராணி ஆள் அனுப்பியிருந்தார்: கால் கூடியதும் வரும் முதல் கப்பலில் பெயர் போட்டாயிற்று.

பூசத்துக்கு முந்தின நாள் நாகையாவும் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் ஐந்து பேரும் வந்தார்கள். நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். டிரெசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மருந்துப் புட்டிகளைத் துடைத்தார். கார்த்திகேசுவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பத்துமலையின் மரப்படிகளில், ஒடிந்த கால் பலகையோடு முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, காவடி தோளில் இருக்க, அவன் காலை ஒடித்தவனே முன் மூங்கிலைச் சுமந்து ஏறினான் என்று பிறகு ஊரெல்லாம் பேசினார்கள். கார்த்திகேசுவுக்குக் கிள்ளான் ரோட்டில் ரயில்வே கேட் சாத்தித் திறக்கும் வேலைக்கும் நாகையா சொல்லிவைத்திருந்தான். உட்கார்ந்து பார்க்கிற வேலை.

பூசத்துக்கு மறுநாள் மதியம் அவனை வார்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தலை மொட்டை, உடம்பெல்லாம் சந்தனம். கட்டிலில் படுக்கவில்லை. நாகையாவைப் போகச் சொல்லிவிட்டு, கக்கத்துக் கட்டையை ஊன்றி, ஒரு காலில் தத்தித் தத்திப் பக்கிரிசாமியின் கட்டிலுக்கு வந்தான். வலது மணிக்கட்டை நீட்டிக் காட்டினான். நூல் இல்லை, இருந்த இடத்தில் வெளுத்த வளையம் மட்டும்.

"அவுத்துட்டேண்ணே."

"தெரியுது" என்றான் பக்கிரிசாமி. முழங்கையை ஊன்றி, எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

முதல் அடி தாடையில் விழுந்தது. கங்காணியைக் கடலுக்கு அனுப்பிய கை அது. பக்கிரிசாமியின் தலை கட்டில் கம்பியில் போய் இடித்தது. இரண்டாவது மூக்கில். ரத்தம் போர்வையில் சொட்டியது. டிரெசர் ஓடிவந்தார், பக்கிரிசாமி கையை நீட்டி அவரைத் தடுத்தான். மூன்றாவது அடியை ஓங்கும்போது கார்த்திகேசுவின் கக்கத்துக் கட்டை சறுக்கிற்று. அடி தோளில் பட்டு வழுக்கிப் போனது. ஒற்றைக்காலில் தள்ளாடி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். முகமெல்லாம் வேர்வை, அதில் சந்தனம் கரைந்து வழிந்தது.

"கப்பல் எப்ப?" என்று கேட்டான் கார்த்திகேசு.

"கால் ஊன்றதும்."

"அங்க யாரு இருக்கா?"

பக்கிரிசாமி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

கார்த்திகேசுவின் நல்ல கால் நடுங்கத் தொடங்கியிருந்தது. தன் கட்டில் நாலு அடி தள்ளி இருந்தது. அவ்வளவு தூரம் தத்த அவனால் முடியாது என்பது பார்த்த உடனே தெரிந்தது. பக்கிரிசாமி பலகை கட்டிய தன் காலை இரண்டு கையாலும் தூக்கிச் சுவர்ப் பக்கம் நகர்த்தி வைத்தான். கார்த்திகேசு அந்த இடத்தில் உட்கார்ந்தான்.